ஐந்தருவியில் பொழுது உடைந்தபோது

அவள் ஆத்திரத்தோடு பட்டனைத் தட்டினாள். எதிர் பெஞ்சில் இருந்தவனின் போன் ‘டிங்’ என்றது.

அபர்ணா அதைக் கவனிக்கவில்லை. ஐந்தருவிக்குப் போகும் பாதையில் தகரக் கூரை போட்ட பஜ்ஜிக் கடை. வெளியே சாரல்... பெய்யவும் மனமில்லாமல், விடவும் மனமில்லாமல். தென்காசியில் அவள் வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் கம்பெனி மொத்தமும் வேன் பிடித்து வந்து அருவியில் கூத்தடித்துக்கொண்டிருந்தது. அவள் மட்டும் மடியில் லேப்டாப்போடு, தரையில் நில்லாமல் ஆடிக்கொண்டே இருக்கும் கால்களோடு.

மாலையில் ஒரு ஆஸ்பத்திரியின் இணையதளம் திறக்க வேண்டும். டாக்டரைப் பார்க்க நோயாளிகள் நாள் குறிக்கும் பக்கம். காலையில் கடைசியாக ஒருமுறை சர்வரில் ஏற்றினாள். அவ்வளவுதான்... தேதி இருக்க வேண்டிய கட்டங்கள் எல்லாம் காலி!

அவள் தனியாக நடத்தும் முதல் ப்ராஜெக்ட் இது. நல்லபடியாக முடிந்தால் தென்காசி டீமுக்கு அவளே லீட். சொதப்பினால் வேலை சென்னை ஆபீசுக்குப் போய்விடும். பின்னாலேயே அவளும் போக வேண்டும். இந்தக் காற்றை விட்டுவிட்டு...

எல்லாம் அந்த ‘பொழுது’ செய்த வேலை. இந்தக் காலத்தில் யார் எல்லாவற்றையும் தானே எழுதுகிறார்கள்? யாரோ எங்கோ எழுதி இலவசமாக வைத்திருக்கும் நிரல்களை, பேக்கேஜ் மேனேஜர் என்ற மென்பொருளிடம் பெயர் சொன்னால் போதும், ஓடிப்போய் எடுத்து வந்துவிடும். தேதிகளைக் காட்டுவதற்கு அவள் எடுத்தது ‘பொழுது’. எழுதியவன் யாரோ எஸ்.வேல். நேற்றுப் புது வெர்ஷன் விட்டிருக்கிறான். டொராண்டோவில் இருப்பானாக இருக்கும். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்ட, கம்பளிக்குள் கால் நீட்டிக்கொண்டு... அவள் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள்.

‘பொழுது’வின் பக்கத்தில், ஊரே பார்க்கும்படி எழுதியிருந்தாள்: ‘இப்படியா அப்டேட் விடுவது? பார்த்துக்கொள்ள முடியாவிட்டால் வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போங்கள்.’

திரையில் பதில் வந்தது. ‘மன்னிக்கவும். உங்கள் லாக் ஃபைலைப் பார்த்தீர்களா?’

அடேயப்பா, புத்திமதி வேறு! ‘உங்கள் தப்பை முதலில் பாருங்கள்.’ தட்டினாள்.

டிங்.

விரல் அந்தரத்தில் நின்றது. வேண்டுமென்றே ஒரே ஒரு கேள்விக்குறியை மட்டும் அனுப்பினாள்.

டிங்.

மெதுவாக நிமிர்ந்தாள். எதிரே சுற்றிலும் பைகள், துண்டுகள், எண்ணெய்ப் பாட்டில்களுக்கு நடுவில் அவன். குடும்பம் குளிக்கப் போக, சாமானுக்குக் காவல் வைக்கப்பட்டவன். அவனும் போனிலிருந்து நிமிர்ந்தான். மழையில் கழுவிய இலை மாதிரி என்ன ஒரு கண்...

“அபர்ணாங்கிறது நீங்கதானா?” என்றான். “திட்டுததுதான் திட்டுதிய, கொஞ்சம் மெதுவாத் தட்டப்படாதா? ஒவ்வொரு தட்டுக்கும் போன் அலறி என் டீ சிந்துது.”

“நீங்க... டொராண்டோ இல்லையா?”

“கடையம். செந்தில்வேல். டொராண்டோவுக்கு இங்கயிருந்து பஸ் கிடையாதே.”

சிரிப்பு வந்தது. விடுவாளா? “எந்த ஊரா இருந்தா என்ன? சாயங்காலம் சைட்டத் திறக்கணும். வந்து சரி பண்ணுங்க.”

“பைய யாரு பாக்கது? குரங்கு காத்துக்கிட்டிருக்கு.”

“பையோட வாங்க!”

பைகளோடு வந்தான். அவன் தோளில் ஈரச் சட்டையும் மண்ணும் கலந்த வாசனை. அபர்ணா தேவையில்லாமல் தன் துப்பட்டாவைச் சரிசெய்தாள். அவன் திரையைப் பார்த்தான்... பார்த்துக்கொண்டே இருந்தான்.

“லாக் ஃபைல் எங்க?”

எந்தெந்த நிரலுக்கு எந்தெந்த வெர்ஷன் என்று பேக்கேஜ் மேனேஜர் தானாகக் குறித்துப் பூட்டிவைக்கும் கோப்பு அது. அது இருந்தால், யார் என்ன புதிதாக விட்டாலும் பழையதுதான் வரும். நேற்று அவள் வைத்திருந்ததும், கூட வேலை பார்க்கும் இசக்கிமணி வைத்திருந்ததும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. உட்கார்ந்து பிரித்துப் பார்க்கப் பொறுமையில்லை. அவசரத்தில்...

“அழிச்சிட்டேன்.”

“சரி. வெர்ஷன் இருக்க வேண்டிய இடத்துல எது புதுசோ அதுன்னு வேற போட்டிருக்கிய.” அவன் குரலில் கேலி இல்லை. அதுதான் இன்னும் சுட்டது. “பழைய மாதிரி கூப்பிட்டா இது வேலை செய்யாது, பாத்து மாத்துங்கன்னு புது வெர்ஷன் குறிப்புல மொதல் வரிலயே எழுதியிருந்தேன்.”

பழைய வெர்ஷனை எண் சொல்லிப் பேக்கேஜ் மேனேஜரிடம் கேட்டாள். ஓடியது. கட்டங்களில் ஒவ்வொன்றாகத் தேதிகள் பூத்தன. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்... ஆனால் அவன் போன் மறுபடி மறுபடி ஒலித்தது. அவள் எழுதியதன் கீழே முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் வந்து திட்டிக்கொண்டிருந்தார்கள்.

“இத மூடிரலாம்னு இருக்கேன்,” என்றான், அருவிப் பக்கம் பார்த்தபடி. “ராத்திரியும் பகலும் பாத்துப் பாத்துச் செஞ்சது. யாரும் நல்லாருக்குன்னு எழுத வேண்டாம். வெக்கமா இல்லையான்னும் எழுத வேண்டாம்லா...” அவன் போன் திரையில் பாதி எழுதிய வரி இருந்தது: ‘பொழுது இனி பராமரிக்கப்படாது.’

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு மேனேஜர் உமாராணி வந்து நின்றாள். “ஏட்டி, சரியாயிட்டா? சென்னைல கேட்டுக்கிட்டே இருக்காவ. அந்தப் பொழுதுக்காரன் பண்ணுன கோளாறுதான? அப்படியே சொல்லிருதேன்.”

அபர்ணா லேப்டாப்பைப் பாதி மூடினாள். ‘இல்லைக்கா, நான்தான்’... சொன்னால் லீட் போச்சு. சென்னைதான்.

தலையை ஆட்டினாள். ஆமாம் என்று.

செந்தில்வேல் லேசாகச் சிரித்துவிட்டு, பைகளை ஒவ்வொன்றாகத் தோளில் மாட்டிக்கொண்டு சாரலுக்குள் இறங்கிப் போனான்.

அவன் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்...

எல்லாரும் வேனில் ஏறினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள், எழுந்து உள்ளே மாறினாள், மறுபடி ஜன்னலுக்கே வந்தாள். பக்கத்தில் இசக்கிமணி, “என்ன, உள்ள எறும்பு ஏதும் போயிட்டா?” என்றான். எறும்பில்லை. அந்தச் சிரிப்பு.

போனை எடுத்தாள். ‘பொழுது’வின் பக்கத்தில், அதே இடத்தில், தன் பெயரிலேயே எழுதினாள்: ‘தப்பு என்னுடையது. லாக் ஃபைலை நான்தான் அழித்தேன். எழுதிவைத்த எச்சரிக்கையையும் படிக்கவில்லை. இவர்மீது ஒரு குற்றமும் இல்லை. நான் முன்னால் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.’ யோசித்தால் கை வராது. அனுப்பினாள். பிறகு முன்சீட்டுக்குப் போய் உமாராணியிடமும் சொன்னாள்.

“கோட்டிக்காரி! சைட்டு ஓடுதுல்லா, யாரு கேக்கப்போறா? உன் தலைல நீயே மண்ண அள்ளிப் போடுதியே!”

“எனக்கு உக்கார முடியலக்கா.”

உமாராணி சென்னைக்குப் போன் போட்டாள். பேசி முடித்தபோது குரல் இறங்கியிருந்தது. “திங்கக்கிழமை அங்க வரச் சொல்லுதாவ. லீட வேற ஆளுக்குக் குடுக்காவளாம். நான் சொல்லிப் பாத்தேன் ஏட்டி...”

ஆக, போயிற்று. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வந்தது வேறொன்று... எழுந்து ஓட வேண்டும் என்ற ஒரு தவிப்பு.

“அண்ணாச்சி, வண்டிய எடுக்காதிய!” டிரைவரிடம் சொல்லிவிட்டு இறங்கி ஓடினாள்.

பழக்கடைகளின் வரிசையில், மங்குஸ்தான் குவியலுக்கு முன்னால் செந்தில்வேல் நின்றான். நனைந்துகொண்டே ஓடி வந்தவளைப் பார்த்ததும் கையிலிருந்த பழத்தை வைத்துவிட்டான்.

“மூடிட்டீங்களா?” மூச்சு வாங்கியது.

“இல்ல. அந்த வரிய அழிச்சிட்டேன்.”

“நான் எழுதுனதப் பாத்தா?”

“எழுதுனியளா? அழிச்ச கையோட போன் நனைஞ்சு அணைஞ்சு கிடக்கு.” அவன் தயங்கினான். “நீங்க ஆமான்னு தலையாட்டுனப்ப... உங்க கண்ணு அப்படிச் சொல்லல. அந்தக் கண்ணுமேல கோவப்படணும்னு இவ்வளவு நேரம் முயற்சி பண்ணுதேன். வரல.”

சாரல் இமைகளில் தங்கியது. நல்லவேளை... எது மழை, எது கண்ணீர் என்று யாருக்கும் தெரியாது.

“திங்கக்கிழமை நான் சென்னைல இருக்கணும்.”

“எதுக்கு?”

சொன்னாள். அவன் முகம் மாறியது.

“ஞாயித்துக்கிழமை பொதிகை ரயில்லயா?”

“ம்...”

“ஸ்டேஷனுக்கு வருதேன்.”

“வழியனுப்பவா?”

“இல்ல. நானும் ஏறப்போறேன். என் வேலை லேப்டாப்லதான, அங்கன உக்காந்தும் பாக்கலாம்.”

“இப்பதான பாத்திய என்னை... என்னத்துக்குக் கூட வாரிய?”

“பிடிச்சிருக்கு. வேற என்னத்துக்கு?”

பின்னால் வேன் ஹாரன் அடித்தது. அபர்ணா திரும்பவில்லை.

“எனக்கும்,” என்றாள்.

அருவிச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. காதைச் சாய்த்துக் குனிந்தான். அவள் இந்த முறை யார் காதில் விழுந்தாலும் விழட்டும் என்று உரக்கச் சொன்னாள். பழக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். குளித்துவிட்டுப் போன கூட்டம் நின்று பார்த்தது. வேன் ஜன்னலில் உமாராணி வாயில் கை வைத்தாள்.

அவள் கால்கள் மட்டும், காலையிலிருந்து முதல்முறையாக, ஆடாமல் நின்றன.