உறையின் பின்பக்கம்

வேதநாயகி விளாவி வைத்த வெந்நீர் யாரும் தொடாமலே ஆறிக்கொண்டிருந்தது. புருஷன் சவரிராயன் கிணற்றடியில் பச்சைத்தண்ணீரை மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டான். நாத்தனார் சலேத்து அண்ணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தலை சீவினாள். மாமியார் அருளாயி மூலையில் உட்கார்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள், கண்ணைத் திறக்கவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்புகிற வீடா இது? ஐந்து வாரமாக இப்படித்தான்!

"ஏங்க... வெந்நீர் இருக்குது..."

"உன் கையால ஒண்ணும் வேணாம். பூசை முடிஞ்சதும் துணிய எடுத்து வெச்சிக்க. பன்னண்டு மணி பஸ்ஸுல தொண்டூர்ல உங்கண்ணன் வூட்ல கொண்டுபோய் வுட்டுட்றேன்."

"நான் இன்னா பண்ணேன்னு..."

"எந்தங்கச்சி வாழ்க்கைய அச்சுப் போட்டு ஊர் ஊரா அனுப்பிட்டு, இன்னா பண்ணேன்னு கேக்கறியா?"

வேதநாயகி மாமியாரைப் பார்த்தாள். செபமாலை ஒரு மணியில் நின்று, மறுபடி நகர்ந்தது.

சலேத்துக்குப் பன்னிரண்டு வயதில் வலிப்பு வந்தது. ஐந்து வருடம் பார்க்காத வைத்தியமில்லை. கடைசியில், குணமானால் கோவிலுக்கு வருகிற மாதப் பத்திரிகையில் நன்றி போடுகிறேன் என்று அருளாயி மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். அந்த வேதப் பத்திரிகையின் கடைசிப் பக்கம் முழுவதும் அப்படிப்பட்ட நன்றிகள்தான். பரீட்சை தேறியவர், வேலை கிடைத்தவர், காணாமற்போன பசு திரும்பி வந்தவர்... வலிப்பு நின்று மூன்று வருடமாகியும் நேர்ச்சை அப்படியே கிடந்தது. அவலூர்பேட்டை வாத்தியார் மாப்பிள்ளையோடு நிச்சயம் ஆனதும் அருளாயிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நேர்ந்ததைச் செய்யாமல் பெண்ணை அனுப்பி, போன இடத்தில் மறுபடி வந்துவிட்டால்?

வீட்டில் எழுதத் தெரிந்த பெண்பிள்ளை வேதநாயகி ஒருத்திதான். மாமியார் சொல்லச் சொல்ல எழுதினாள்.

"பேரு கீரு போட்றாதடி. செஞ்சின்னு மட்டும் போடு. இது உனுக்கும் எனுக்கும் நடுவுல இருக்கட்டும்... மாதா மேல சத்தியம் பண்ணு!"

பண்ணினாள். கடிதத்திலும் பேர் போடவில்லை. ஆனால் உறையை ஒட்டியபின், எட்டாம் வகுப்பில் சிஸ்டரம்மா பழக்கிவிட்ட பழக்கத்தில், பின்பக்கம் 'அனுப்புநர்' என்று போட்டுத் தன் பெயரையும் விலாசத்தையும் எழுதிவிட்டாள். பத்திரிகைக்காரர்கள், பாவம், பேர் விட்டுப்போயிற்று என்று நினைத்து அதையே எடுத்து அச்சுப் போட்டுவிட்டார்கள். 'எங்கள் வீட்டுக் கன்னிப்பெண்ணுக்கு ஐந்து வருடமாக இருந்த வலிப்பு... திருமதி வேதநாயகி சவரிராயன், செஞ்சி.'

மூன்று ஞாயிறு கோவிலில் அறிவிப்பாக வாசிக்கிற கல்யாண ஓலையில் முதலாவது வாசித்தாயிற்று. அடுத்த ஞாயிறு வருவதற்குள் பத்திரிகை அவலூர்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டாம் ஓலை வாசிக்க வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பிவிட்டார்கள். மளிகைக்கடை பாண்டுரங்கன்கூட, "இன்னா சவரி, உங்க வூட்டு சேதி அச்சுல வருதாமே!" என்று சிரித்தான்.

அன்று சலேத்து போட்ட கூச்சல் இன்னும் காதில் இருந்தது. "தனுக்குப் புள்ள இல்ல, இவளும் ஒண்டியா நிக்கட்டும்னு வயித்தெரிச்சல்!"

அருளாயி அப்போது வாயைத் திறக்கவில்லை. சத்தியம் பண்ணியவளும் திறக்கவில்லை.

அதிலிருந்து வேதநாயகி எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபின் அடுப்போரம் தனியாகச் சாப்பிட்டாள். பேச ஆளில்லாமல் ஈரவிறகோடு பேசினாள். "எரியேன்... நீயும் மூஞ்சியத் தூக்கிக்கினா நான் எங்க போவேன்?" ஒன்றை மட்டும் அவள் கவனித்து வைத்திருந்தாள். பூசையில் நன்மை அப்பம் வாங்காமல் ஒரு ஞாயிறுகூட இருக்காத மாமியார், பாவத்தோடு இருப்பவர்கள் போல, ஐந்து வாரமாகக் கோவில் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை.

அந்த ஞாயிறுதான் செஞ்சிக் கோவிலில் பூசை தமிழுக்கு மாறியது. இத்தனை காலம் லத்தீனில் பூசைக்கு உதவுகிற பையன்கள் முணுமுணுத்த பாவ அறிக்கையை, சாமியார் எல்லாரையும் சத்தமாகச் சொல்லச் சொன்னார். நெஞ்சில் தட்டிக்கொண்டு, என் பாவம் என்று மூன்று தடவை. அருளாயி ஒரு தடவை சொன்னாள். இரண்டாவதில் குரல் உடைந்தது. மூன்றாவது வரவில்லை. முஷ்டி நெஞ்சிலேயே நின்றுவிட்டது. அன்றும் அவள் நன்மைக்கு எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வேதநாயகி இரண்டு புடவையை டிரங்குப்பெட்டியில் வைத்தாள். வேறு எதையும் எடுக்கத் தோன்றவில்லை. சவரிராயன் பெட்டியைத் தூக்கினான்.

அருளாயி வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்தாள்.

"பெட்டிய கீழ வைடா."

"வழி வுடும்மா, பஸ் போய்டும்."

"போவட்டும்! இத்தினி வருஷமா இன்னா சொல்றாங்கன்னே தெரியாம நெஞ்சில அடிச்சிக்கினு இருந்தேன். இன்னிக்கி எங்காதுலயே உழுந்துச்சிடா... நான்தாண்டா! நான் சொன்னேன், அவ எழுதினா. சத்தியம் வாங்கினவளும் நான்தான். எம்பொண்ணு என் மூஞ்சில முழிக்க மாட்டாளேன்னு பயந்துக்கினு, இந்தப் பொண்ணு தலைல போட்டுட்டு கம்முனு இருந்தேனே பாவி!"

பெட்டி தரையில் இறங்கியது. சலேத்து அண்ணியின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி... ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சத்தியம் பண்ணியிருந்தேன் புள்ள..."

"நான் இன்னா பேச்சு பேசிட்டேன்... புள்ள இல்லாதவன்னு..." மேலே சொல்ல முடியாமல் அண்ணியின் தோளில் வந்து விழுந்தாள். ஐந்து வாரமாக மனிதக் கை படாத அந்த உடம்பு முதலில் விறைத்தது. பிறகுதான் வேதநாயகிக்கு அழுகை வந்தது.

சவரிராயனுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. கொல்லைக்குப் போய், காலையில் அவள் வைத்து ஆறிப்போன அந்தத் தண்ணீரில் வெகுநேரம் முகம் கழுவினான்.

"தாளு எடுடி," என்றாள் அருளாயி மூக்கைச் சிந்திக்கொண்டு. "எம்மருமவ தங்கம்னு அதே பத்திரிகைல போடணும்."

"ஐயோ அத்தே, மறுபடியும் பத்திரிகையா!"

அழுகைக்கு நடுவில் சலேத்து சிரித்துவிட்டாள்.

அதற்குப் பதில் அவலூர்பேட்டைக்கு எழுதினார்கள். வலிப்பு நின்று மூன்று வருடம் ஆகிறது, மறைத்தது தாயின் குற்றம், பெண்ணின் குற்றமல்ல என்று. பதில் வருமோ வராதோ, யாருக்கும் தெரியாது. வேதநாயகி உறையைத் திருப்பி, 'அனுப்புநர்: அருளாயி' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடப்போனாள்.

மாமியார் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உம் பேரையும் பக்கத்துல போடு... நம்ம ரெண்டு பேரும்தான அனுப்பறோம்."