கரிசலில் ஒரு ரிவர்ஸ் கியர்

ஏழாவது தடவையாக நஸீமா போன் போட்டாள்.

ரிங் போனது... போய்க்கொண்டே இருந்தது...

எடுத்தார்கள்.

"மச்சான், எங்கன நிக்குதீங்க? ஏழு தடவை அடிச்சிட்டேன்."

மறுமுனையில் மூச்சுச் சத்தம். அப்புறம் ஒரு முரட்டுக் குரல்.

"யாரும்மா நீ?"

"அவிய வீட்டுல இருந்து பேசுதேன். நீங்க யாரு? அவியகிட்ட போனைக் குடுங்க."

"எஸ்.ஐ. சதீஷ்குமார். உன் புருஷன் இனிமே பேசமாட்டான். கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துக்க."

லைன் கட்டானது.

காலை மணி ஒன்பதரை. பாதி தைத்த நைட்டி மெஷின் ஊசியில் மாட்டியபடி கிடந்தது. நஸீமா அலறியதில் தெருவே திரண்டு வந்துவிட்டது.

அவள் புருஷன் அஃப்ஜல் மினிவேன் டிரைவர். புதியம்புத்தூர் ரெடிமேட் கம்பெனிகளில் வெட்டிக் கொடுக்கும் துணியை ஏற்றி வந்து, கோவில்பட்டியில் வீடு வீடாகத் தைக்கக் கொடுப்பான். அன்றும் அதே வேலைதான். வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. பசுவந்தனை ரோட்டில் போலீஸ் கைகாட்டியது. பயந்துபோய் நிற்காமல் ஓட்டிவிட்டான்.

அதற்கு ஒரு தோட்டா!

வேனின் பின்கண்ணாடியைத் துளைத்து, முதுகில்.

மத்தியானமே டி.வி.யில் ஓடியது... 'ரேஷன் அரிசி கடத்திய டிரைவர் சுட்டுக்கொலை!' வேனுக்குள் இருந்தது முந்நூறு நைட்டிக்கான துணி. ஒரு அரிசி மணிகூட இல்லை. ஆனால் செய்தியைத் திருத்த யாருக்கும் நேரம் இருக்கவில்லை. மறுவாரமே மகளைப் பள்ளிக்கூடத்தில் 'கடத்தல்காரன் மக' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

புருஷனை இழந்த நஸீமா இத்தா இருந்தாள். நாலு மாசம் பத்து நாள் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. அழுது அழுது அடங்கிவிடுவாள் என்று, அஃப்ஜலைச் சுட்ட சதீஷ்குமார் கணக்குப் போட்டான்.

தப்புக் கணக்கு!

அவள் அழுதது முதல் பத்து நாள்தான். மிச்ச நாளெல்லாம் எஃப்.ஐ.ஆர். நகலைப் படித்தாள். அவனை எப்படிக் கொல்வது என்றும் யோசித்தாள். துணி வெட்டும் பெரிய கத்தரியைப் பார்க்கும்போதெல்லாம் கை துறுதுறுத்தது. ஆனால் அவன் செத்தால் போலீஸ் மரியாதையோடு போய்ச் சேருவான்... அஃப்ஜல் கடைசி வரை கடத்தல்காரனாகவே இருப்பான். அதை நினைத்துத்தான் கத்தரியைக் கீழே வைத்தாள்.

எஃப்.ஐ.ஆர். மனப்பாடம் ஆகிவிட்டது. 'தப்பியோடிய வாகனம் ரோட்டை விட்டுப் புஞ்சைக்குள் இருபதடி இறங்கி, அங்கிருந்து ரிவர்ஸில் அதிவேகமாக வந்து என்னை மோத முயன்றது. உயிருக்குப் பயந்து சுட்டேன்.'

முதுகில் குண்டு பாய்ந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே... அதற்குத்தான் இந்த ரிவர்ஸ்.

இத்தா முடிந்த மறுநாளே அந்தப் புஞ்சைக்காரர் கோபாலசாமியைத் தேடிப் போனாள்.

"அன்னைக்கு உங்க புஞ்சைக்குள்ள வண்டி வந்துச்சா அண்ணாச்சி?"

கோபாலசாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு சொன்னது?"

"எஸ்.ஐ. எழுதியிருக்காரு."

"அவரு எந்த ஊரு?"

"வேலூர்ப் பக்கமாம். இங்க மாத்தலாகி வந்த மூணாம் நாளு சுட்டாரு."

"அதான்." அவர் சிரித்தார். "அது கார்த்திகை மாசம்மா. முந்தின நாள் நல்ல மழை. மழை பெஞ்ச கரிசல்ல மாடே இறங்காது. வேன் இறங்குச்சுன்னா, வெயிலடிச்சு மண்ணு காயுத வரைக்கும் அங்கனதான் கெடக்கணும். ரிவர்ஸாம்ல, ரிவர்ஸ்!"

நஸீமாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிடி கிடைத்துவிட்டது!

"போலீஸ் சுட்டதை ரெவின்யூ ஆர்.டி.ஓ. விசாரிக்காங்க. அங்க வந்து இதைச் சொல்லுவீங்களா?"

"சொல்லுதேன். நம்பணுமே. இப்போ சித்திரை. பூமி பாறை மாதிரி கெடக்கு. இன்னைக்கு வந்து பாத்தா லாரியே ஓட்டலாம்."

"அப்போ மழைக்குக் காத்திருக்கேன்."

காத்திருந்தாள். ஆடியில் ஸ்பாட் விசாரணைக்கு நாள் குறித்தார்கள்... காய்ச்சல் என்று மனுப் போட்டாள். ஆவணியில் குறித்தார்கள்... வக்கீலுக்கு முடியவில்லை என்றாள். புரட்டாசியில் மாமியாருக்கு உடம்பு சரியில்லை.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வராண்டாவில் சதீஷ்குமார் மீசையைத் தடவிக்கொண்டு வழிமறித்தான்.

"என்னம்மா, வாய்தா மேல வாய்தா வாங்கற? பயமா?"

"ஆமா சார். பயமாத்தான் இருக்கு."

"கேஸை வாபஸ் வாங்கிட்டுப் போ. உனக்கும் ஒரு பொண்ணு இருக்கு, ஞாபகம் வச்சுக்க."

அந்தக் கடைசி வார்த்தையை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் நெஞ்சில் மிச்சம் மீதி இருந்த ஈரமும் அன்றோடு காய்ந்துபோனது.

ஐப்பசி பிறந்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டித் தீர்த்தது. மூன்றாம் நாள் காலையில் நஸீமா முதல் ஆளாகப் போய் நின்றாள்.

ஆர்.டி.ஓ. கல்யாணசுந்தரி குடையோடு ஜீப்பை விட்டு இறங்கினார். போலீஸ் தரப்பில் அதே மாடல் மினிவேன் ஒன்றைக் கொண்டு வந்திருந்தார்கள். சதீஷ்குமார் விறைப்பாக சல்யூட் அடித்தான். பின்னால் ஏட்டு நவநீதகிருஷ்ணன் நின்றார். சம்பவத்தன்று கூட இருந்தவர், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்.

"சொல்லுங்க எஸ்.ஐ."

"மேடம், இந்த இடத்துலதான் புஞ்சைக்குள்ள இறங்கினான். இருபதடி போனான். அப்படியே ரிவர்ஸ்ல ஸ்பீடா என் மேல ஏத்த வந்தான்."

"சம்பவத்துக்கு முந்தின நாள் மழை பெஞ்சிருக்கே?"

"பெஞ்சா என்ன மேடம்? வண்டி நல்லாத்தான் ஓடிச்சு."

கல்யாணசுந்தரி ஃபைலைப் புரட்டினார். "எங்க ஆபீஸ் பதிவேட்டுல அன்னைக்கு அறுபது மில்லிமீட்டர். நேத்து நாப்பதுதான்."

நஸீமா ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"அம்மா, நான் யாரையும் பொய் சொல்லுதாருன்னு சொல்லல. சாரையே ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. அது போதும்."

"காட்டறேன்," என்று சதீஷ்குமார் வேனில் ஏறினான்.

ஏட்டு ஜன்னலோரம் குனிந்து கிசுகிசுத்தார். "சார், வேண்டாம் சார். இந்த மண்ணு வேற மாதிரி சார்..."

"நீ சும்மா இருய்யா. ஏழு மண்ணு பார்த்தவன் நான்."

எட்டாவது மண் காத்திருந்தது.

வேன் புஞ்சைக்குள் இறங்கியது. ஐந்தடி... எட்டடி... பத்தடி...

நின்றது.

ரிவர்ஸ் போட்டான். உறுமியது. சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. இன்னும் மிதித்தான். கறுப்புச் சேறு பனை உயரத்துக்குப் பறந்தது. வேன் பின்னால் வரவில்லை... கீழே போனது! அச்சு வரைக்கும் புதைந்து ஆஃப் ஆகிவிட்டது.

இறங்கி நடந்து வந்தான். ஒரு பூட்ஸைக் கரிசல் வாங்கி வைத்துக்கொண்டது.

கோபாலசாமி வரப்பில் நின்றபடி கேட்டார். "பத்தடிக்கே இந்தப் பாடா? இருபதடியில இருந்து அந்தப் பிள்ள எப்படிய்யா வந்தான்? பறந்தா வந்தான்?"

யாரும் சிரிக்கவில்லை. கல்யாணசுந்தரி ஏட்டுவைப் பார்த்தார்.

"நீங்க சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. வண்டி இறங்குச்சா?"

ஏட்டு தொப்பியைக் கழற்றினார். நஸீமாவை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை.

"இறங்கவே இல்லம்மா. ரோட்டுலயே நேராத்தான் போச்சு. இவரு பின்னால நின்னு சுட்டாரு. கையெழுத்துப் போடலைன்னா என்னையும் கேஸ்ல சேத்துருவேன்னாரு... போட்டுட்டேன்."

"எஸ்.ஐ., பிஸ்டலை ஏட்டுகிட்ட குடுங்க. நான் டி.எஸ்.பி.கிட்ட பேசறேன்."

கொடுத்தான். கல்யாணசுந்தரி போனைக் காதில் வைத்தார். அந்த ஒரு நிமிஷத்தில்...

ஒற்றை பூட்ஸோடு ஓடினான்! சாவியோடு நின்ற போலீஸ் ஜீப்பில் தாவி ஏறினான். ஜீப் சீறிக்கொண்டு கிளம்பியது.

"நில்லுங்க சார்," என்று ஏட்டு கத்தினார். நிற்கவில்லை. பிஸ்டலைத் தூக்கிக் குறிபார்த்தார்.

நஸீமா பார்த்தாள். ஓடும் வண்டி... டிரைவரின் முதுகு... பின்னால் ஒரு துப்பாக்கி. பதினொரு மாசமாக அல்லாவிடம் அவள் கேட்டது இதைத்தான். சும்மா நின்றாலே போதும்.

பாய்ந்து போய் ஏட்டுவின் கையைக் கீழே அமுக்கினாள்.

"விடும்மா. தப்பிச்சிருவான்."

"எங்க தப்பிப்பாரு? வண்டி நம்பர் தெரியும்லா? ஆளு தெரியும், வீடு தெரியும். சாயங்காலம் போயிப் பிடிங்க. எம் புருஷனையும் அப்படிப் பிடிச்சிருக்கலாம்லா?"

ஏட்டு விசையிலிருந்து விரலை எடுத்தார்.

"இவன் மேல உனக்கு இரக்கமாம்மா?"

"இரக்கமா? எனக்கா?" நஸீமா பல்லைக் கடித்தாள். "சுட்டா ஒரு நொடியில போயிருவான். நான் பதினொரு மாசமா செத்துக்கிட்டு இருக்கேன். அவன் பாளையங்கோட்டை ஜெயில்ல உசிரோட இருக்கணும். எம் மக கல்யாணத்து அன்னைக்கும் அவன் உள்ளதான் இருக்கணும். அவன் நூறு வயசு வாழணும் அண்ணாச்சி."

ஜீப் வளைவில் திரும்பி மறைந்தது. கல்யாணசுந்தரி பதறினார்.

"ஏட்டு, வயர்லெஸ்ல சொல்லுங்க. பிடிக்கணும்."

நவநீதகிருஷ்ணன் பிஸ்டலை உறையில் போட்டார். நிதானமாகத் தொப்பியைத் தலையில் வைத்தார்.

"பதறாதீங்கம்மா. அது நம்ம டிபார்ட்மென்ட் ஜீப்பு. பசுவந்தனை தாண்டாது, நின்னுரும். இறங்கித் தள்ளச் சொல்ல இன்னைக்கு அவருக்குக் கீழ ஏட்டும் கிடையாது."