பித்தம் குடித்த பூஞ்சை

“செத்து மூணு நாளான ஈரலைக்கூட என் பூஞ்சை எழுப்பி வேலைக்கு அனுப்பிடும், மாப்பிள்ளை.”

மச்சான் போடும் வாய்ப்பந்தலில் முக்காலே மூணு வீசத்தைத் தள்ளிவிட்டுத்தான் குழாய்க்காரர் கேட்பார். அவருக்குத் தெரிந்த விதி ஒன்றே ஒன்று: எந்தத் திரவமும் பள்ளத்தைத்தான் பார்க்கும். மருந்து ஆலையில் வேலை பார்க்கும் மச்சானுக்கோ எந்த விதியும் கிடையாது. இறைச்சிக்கூடத்திலிருந்து வரும் மாட்டுப் பித்தநீரைக் குடுவையில் வளரும் பூஞ்சைக்கு ஊட்டி, அதிலுள்ள அமிலத்தை அது வேறொன்றாக மாற்றியதும் பிரித்தெடுத்து, ஈரலுக்கு வெள்ளைத் தூள் மருந்தாக்குவது அவர் வேலை. அந்தப் பூஞ்சையைப் பற்றி அவர் அளந்துவிடும் கதைகளை ஏற்ற நாலு லாரி போதாது.

ஆனால் அந்த மருந்துதான் வேண்டியிருந்தது. குழாய்க்காரரின் மனைவி, அதாவது மச்சானின் தங்கை, பித்தக்குழாய் அடைத்து, உடம்பெல்லாம் மஞ்சளாகி, பித்தநீரை வெளியே வடிக்க விலாவில் ஒரு ரப்பர் குழாயும் அதன் முனையில் ஒரு பையுமாகப் படுத்து மூன்று வாரம். ஈரல் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டால் மருத்துவர் ஜன்னலைப் பார்த்தார். இறைச்சிக்கூடம் பூட்டிக் கிடந்த வாரம், மச்சான் தங்கையின் பையையே எடுத்துப்போய்ப் பூஞ்சைக்கு ஊற்றினார். ஒரே நாளில் மருந்தாக்கிவிட்டதாம். பையைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார். வேறு பை கைவசம் இல்லை. புழங்கிய குழாயைச் சுத்தம் பார்க்காமல் எந்த வீட்டிலும் மாட்டாத குழாய்க்காரர், அன்று தன் வீட்டில் அதை அப்படியே மாட்டினார்.

ஐந்தாம் நாள் மதியம் சத்தம் மாறியது. இத்தனை நாளும் மின்விசிறியின் முனகலுக்கு அடியில் சொட்டு, சொட்டு என்று விழுந்துகொண்டிருந்தது நின்றுபோய், ஈர நூலை யாரோ பல்லிடுக்கில் மெல்ல இழுப்பது போல ஓர் உறிஞ்சல் எழுந்து, அதோடு நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை கட்டிலடியிலிருந்து கிளம்பி வந்து அவர் நாக்கில் கசப்பாக உட்கார்ந்தது. அவள் முகத்தில் மஞ்சளே இல்லை. கண்வெள்ளை புதுப் பீங்கான் போலப் பளபளத்தது. அரிப்பு போய்விட்டது, பசிக்கிறது என்றாள். இப்போது உங்கள் முகம்தான் மஞ்சளாக இருக்கிறது என்று கிண்டலும் அடித்தாள்.

அவர் குனிந்தார். பை நிறைய வெண்தூள். குழாயின் உள்சுவர் முழுக்க வெள்ளை மயிர். பையிலிருந்து விலாவை நோக்கி. பள்ளத்திலிருந்து மேட்டுக்கு.

கத்தரியை எடுத்தார். அவள் உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி, பையை ஒட்டிக் குழாயை வெட்டினார்.

அவள் கையை உதறிக்கொண்டாள். “என் விரலை ஏங்க வெட்டுறீங்க?”

பத்து விரலும் போர்வைமேல்தான் இருந்தன.

வெட்டிய முனை நெளிந்தது. பையைத் தேடியது. ஒட்டிக்கொண்டது.

சேதி கேட்டு ஓடிவந்த மச்சான் தங்கையைப் பார்க்கவில்லை. தூளைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்தார். கண் கலங்கிவிட்டது, பூரிப்பில். ஆலையில் ஒரு நாளும் இவ்வளவு சுத்தமாக வந்ததில்லையாம். ஆயிரம் நோயாளிக்கு இவள் ஒருத்தி போதுமாம். இன்னும் பெரிய பை ஒன்று கையோடு கொண்டுவந்திருந்தார்.

எடுத்துவிடுங்கள் என்று குழாய்க்காரர் கெஞ்சினார்.

“எதை எடுக்க? உள்ள இப்ப அதுதான் ஈரல்.”

அவள் சிரித்தாள். நாக்குக்கு அடியில் வெள்ளை நூல்கள். ஈரமாக. குழாய்க்காரரின் வலது விலாவை, ஈரல் இருக்கும் இடத்தைப் பார்த்துச் சாய்ந்தபடி.

அவர் ஓரடி நகர்ந்தார். நூல்களும் நகர்ந்தன.

“இப்பவும் நான் அளக்குறேன்னுதான் சொல்வீங்களா, மாப்பிள்ளை?”

குழாய்க்காரர் தன் சட்டையை விலாவோடு சேர்த்துப் பிடித்து இறுக்கிக்கொண்டார். பின்னால் சுவர்.

“இல்ல மச்சான். நடந்துருச்சு.”