முசே வீட்டு மூணாவது பாட்டில்

இப்பல்லாம் காசுள்ளவன் வீட்டில் எது காணாமல் போனாலும் முதலில் சமையல்காரி மடியைத்தான் தடவுகிறான். கூட உட்கார்ந்து குடிக்கிறவன் பையைப் பார்ப்பதில்லை. நான் முப்பது வருஷம் போலீஸ் கான்ஸ்டபிள். இப்போது துய்மா வீதியில் அந்தோணி முசே வீட்டுக்கு வாட்ச்மேன். பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர், ஐயாவுக்கு இங்கே முசே. எவனையும் நம்பினதில்லை.

2006, ஒரு ஞாயிற்றுக்கிழமை. முசே பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அன்றைக்கு மூன்று சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் விஸ்கி பாட்டிலைத் திறந்து எது ஒசத்தி என்று ருசி பார்க்கிற ஏற்பாடு.

3.40. சிநேகிதர் பிரேம்குமார் தோளில் பையோடு வந்தார். தட்டாஞ்சாவடியில் பாட்டில் மூடிக்கு சீல் போடுகிற கம்பெனி வைத்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் செல்போனை மறந்துட்டேன் என்று பையோடு காருக்குப் போனார். வெறும் தோளோடு திரும்பினார்.

4.50. உள்ளே கூச்சல். ஓடினேன்.

சமையல்கார ஆயம்மா அழுதுகொண்டு நின்றாள்.

"முதலாவது தேன். ரெண்டாவது புகை. இந்த மூணாவது இருபத்தஞ்சு வருஷச் சரக்கு, ஆனா சாராயக்கடை மட்டம்!" முசே கத்தினார்.

"அலமாரி சாவி இவகிட்டதானே முசே?" என்றார் பிரேம்குமார். "ஊத்தி வித்துட்டு மட்டமானதை ரொப்பியிருக்கா. போலீஸைக் கூப்பிடுங்க."

"அம்மன் சத்தியமா நான் திறக்கலண்ணே," ஆயம்மா என் பக்கம் திரும்பினாள். "இவரு வந்தப்போ முசே குளிச்சிக்கிட்டிருந்தாரு. மூணையும் எடுத்து மேசையில வச்சிட்டு மீன் வறுக்கப் போயிட்டேன்."

மேசையில் டீ வடிகட்டி. அதில் கார்க் தூள்.

"இது என்ன முசே?"

"முதல் ரெண்டு பாட்டிலோட கார்க். பொடிஞ்சி உள்ள விழுந்துடுச்சி."

"ஒயின் மாதிரி விஸ்கியைப் படுக்கப் போடாதீங்கன்னா கேட்டாத்தானே," பிரேம்குமார் சிரித்தார். "சரக்கு கார்க்கைத் தின்னுடும். என்கிட்ட இதே இருபத்தஞ்சு இருந்துச்சு. நிக்க வச்சே குடிச்சித் தீத்தேன்."

"மூணாவதுக்கு சீல் இருந்துச்சா?"

"நான்தான் உடைச்சேன்," என்றார் முசே.

அந்தக் கார்க்கை எடுத்து அழுத்தினேன். கெட்டி. ஒரு துணுக்கு உதிரவில்லை.

"மூணும் எத்தினி வருஷமா படுத்திருந்துச்சி?"

"ஒண்ணாத்தான். எட்டு வருஷம்."

"அப்ப இது மட்டும் ஏன் பொடியல?"

பிரேம்குமார் சிரிப்பு நின்றது.

"ஆயம்மா திறந்திருந்தா அவ கையிலயே பொடிஞ்சிருக்கும். இது படுத்தே பாக்காத பாட்டில் முசே. நிக்க வச்ச வீட்டுலேருந்து வந்திருக்கு. சீல் போடுற மெஷினும் அந்த வீட்டுக்காரர்கிட்டதான் இருக்கு. காரைத் திறக்கச் சொல்லுங்க."

"பெரிசு, நாக்கை அடக்கு!" பிரேம்குமார் எகிறினார்.

முசே அவரிடம் கார் சாவிக்குக் கை நீட்டினார்.

டிக்கியில் பை. பைக்குள் பாட்டில். திருகினதும் கார்க் பாதியில் முறிந்தது.

"சும்மா விளையாட்டு முசே. உங்க நாக்கை டெஸ்ட் பண்ணேன்."

முசே அவரையே பார்த்தார். பிறகு அந்தப் பாட்டிலோடு உள்ளே வந்து வடிகட்டியை வைத்து ரெண்டு கிளாஸில் ஊற்றினார். "நல்லா விளையாடினடா." ஆயம்மாவிடம், "மீன் கருகுது பாரு."

ஆயம்மா முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்து மேசையில் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"சாமிக்கண்ணு, நீயும் ஒரு மடக்கு குடி. இதான் அசல்."

குடித்தேன். பழைய அலமாரியை நக்கின மாதிரி இருந்தது. கிளாஸை வைத்தேன்.

"விளையாட்டுக்கு எவனாச்சும் போலீஸைக் கூப்பிடச் சொல்லுவானா முசே?"

நான் வாசலுக்குப் போய்விட்டேன்.