டம்மி சாரை யாரும் எழுப்பவில்லை

அந்தப் பழைய மருத்துவமனைக்கு மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். மூன்றாம் மாடியில் லிஃப்ட் நிற்காது என்றார்கள். படியேறினேன். பல வருடமாக மூடிக் கிடந்த ஒரு வார்டில் எனக்கு ஒரு மேஜையும் கம்ப்யூட்டரும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். திரைச்சீலைகள் இழுத்துவிடப்பட்டு, பட்டப்பகலிலும் அறை மங்கலாக இருந்தது. பினாயில் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை, நனைந்து காயாத துணி போல.

எங்கள் நிறுவனத்துக்கு இதையும் சேர்த்துப் பதினான்கு மருத்துவமனைகள். நோயாளியைச் சேர்ப்பதிலிருந்து மருந்து ஏற்றுவது வரை எல்லாம் ஒரே மென்பொருள். அதன் புதிய பதிப்பை எல்லா இடத்திலும் ஏற்றுவதற்கு ரிலீஸ் என்று பெயர். அதற்கு நான்தான் மேலாளர். நான் வருவதற்கு முன்னால் மூன்று மாதத்துக்கு ஒரு ரிலீஸ். இருபது பேர் விடிய விடிய உட்கார்ந்து உயிரை விடுவார்கள். கடைசியில் ஏதாவது ஒன்று ஊத்திக்கொள்ளும். நான் அதை வாரத்துக்கு இரண்டு என்று மாற்றினேன். பகலில், அரை மணி நேரத்தில். எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

அன்றைக்கு நான் அங்கே போனதற்குக் காரணம் என் தம்பி. இரண்டாம் மாடியில், ஒன்பதாம் கட்டில். வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்ததும் அவனுக்கு ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கிவிட்டது. அதைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து, எங்கள் மென்பொருள் இயக்கும் ஒரு பம்ப் வழியாக ஏறிக்கொண்டிருந்தது. அது நின்றால் பத்து நிமிடம் தாங்குவான், அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"இங்க வந்தும் வேலைதானா? போய்த் தொலை அக்கா," என்று அரைக் கண்ணைத் திறந்து திட்டினான். திட்டியது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்த மாடியின் தலைமை நர்ஸை எல்லோரும் பெரிய சிஸ்டர் என்பார்கள். அவர் என்னை வராந்தாவில் நிறுத்தினார்.

"டம்மி சாரை இப்போ யாரும்மா பாத்துக்கறாங்க?"

டம்மி சார் என்பவர் இல்லாத மனிதர். வயது ஐம்பத்து நான்கு, கட்டில் எண் பூஜ்யம். ஒவ்வொரு ரிலீஸ் முடிந்ததும் அவரைச் சேர்ப்பார்கள், மருந்து எழுதுவார்கள், இறந்ததாகப் பதிவு செய்வார்கள், கடைசியில் அந்த மரணத்தை ரத்து செய்வார்கள். எல்லாம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான். பதினோரு வருடமாகப் பெரிய சிஸ்டர் அதைக் கையால் செய்தவர்.

"இப்பல்லாம் கம்ப்யூட்டரே பாத்துக்குது சிஸ்டர்."

"கடைசில எழுப்பி விடுதா?"

"ரத்து பண்றதா? அதுக்கு அரை நிமிஷம் போகுது. எடுத்துட்டேன். ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு டம்மி சாரை உண்டாக்கிக்குது."

"அப்போ பழையவங்க?"

"அப்படியே கெடப்பாங்க," என்று சிரித்தேன். "நெஜ ஆளுங்களா சிஸ்டர்? வெறும் பேருதானே."

அவர் சிரிக்கவில்லை. "நான் ஒரு நாளும் அவரை எழுப்பாம வீட்டுக்குப் போனதில்லம்மா. எழுந்திரிங்க சார், முடிஞ்சுதுன்னு வாய்விட்டுச் சொல்லிட்டுத்தான் போவேன்."

பாவம், வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு மேலே வந்தேன்.

மூன்று மணிக்கு ரிலீஸ் முடிந்தது. பதினான்கு இடத்திலும் பச்சை. கடைசிச் சோதனை ஓடியது. டம்மி சார் சேர்ந்தார், மருந்து வாங்கினார், இறந்தார்.

மணி அடித்தது.

நோயாளி நர்ஸைக் கூப்பிடும் மணி. வாசலுக்கு மேலே இருந்த பழைய பெட்டியிலிருந்து வந்தது. அதன் வயர்களை எப்போதோ அறுத்துவிட்டிருந்தார்கள்.

என் முதுகுக்குப் பின்னால் ஓர் இரும்புக் கட்டில் கிறீச்சிட்டது. அந்த அறையில் கட்டிலே கிடையாது.

மூச்சு கேட்டது. ஒருவர் விடும் மூச்சில்லை. நெருக்கியடித்துப் படுத்திருக்கும் பலருடைய மூச்சு.

"இங்க படுக்க எடமில்ல."

காதுக்கு அருகில்தான். திரும்பத் துணியவில்லை.

போன் அடித்தது. பெரிய சிஸ்டர். "தம்பியோட பம்ப் நின்னுடுச்சும்மா! வேற பம்ப் மாட்டினேன், அவன் பேரைப் படிச்சதும் அதுவும் நின்னுடுச்சு!"

தம்பியின் பதிவைத் திறந்தேன். இறந்தார், மூன்று மணி நான்கு நிமிடம். இறந்தவருக்கு எந்தப் பம்பும் மருந்து தராது. அந்த விதியை எழுதச் சொன்னவளே நான்தான்.

ரத்து செய் என்று அழுத்தினேன்.

'முந்தைய மரணங்கள் ரத்து செய்யப்படவில்லை.'

அப்படி ஒரு வாசகத்தை எங்களில் யாரும் எழுதியதில்லை. தம்பியின் பெயருக்குக் கீழே வரிசையாகப் பதினேழு மரணங்கள் இருந்தன. பதினேழிலும் என் கையெழுத்து. டம்மி சாரை எழுப்புவதை நான் எடுத்துவிட்ட பிறகு போன ரிலீஸ்களும் இன்றோடு பதினேழு.

ஒன்றுக்கு அரை நிமிடம். பதினேழுக்கு எட்டரை நிமிடம். தம்பிக்கு இருந்ததே பத்து நிமிடம்.

முதலாவதை அழுத்தினேன். அசையவில்லை. ஐயோ, என் தம்பி, என் தம்பி என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எழுந்திரிங்க சார்," என்றேன். "முடிஞ்சுது."

பதிவு மறைந்தது. பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. யாரோ எழுந்து உட்கார்ந்தார்கள்.

இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் வெறுங்காலடி ஒன்று என் நாற்காலியை உரசிக்கொண்டு கதவுப் பக்கம் போனது.

"நாடி விழுதும்மா," என்று போனில் பெரிய சிஸ்டர் கிசுகிசுத்தார்.

பத்து. பதினான்கு. தொண்டை வறண்டு குரலே வரவில்லை. உதட்டை மட்டும் அசைத்தேன்.

பதினேழு.

"பம்ப் ஓடுதும்மா! ஓடுது!"

படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. பெரிய சிஸ்டர் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார். தம்பியின் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. அவன் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "மன்னிச்சிடுடா," என்று சொல்லிச் சொல்லி அழுதேன்.

மெதுவாகக் கண்ணைத் திறந்தான். என்னை அடையாளம் தெரிந்தது போலப் பார்த்தான். களைத்துப்போன ஒரு பெரியவரின் குரலில், ரொம்ப மரியாதையாகக் கேட்டான்.

"மறுபடியும் எப்போ சாகணும், மேடம்?"