ஓரக்கண் பார்வை

"கடையைச் சாத்தப் போறேன் சார். நாளைக்கு வாங்க."

அவள் மூக்குக் கண்ணாடிக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தாள். அந்தப் பாதிக்குக் கீழே குனிந்து, மழையில் சொட்டச் சொட்ட நனைந்தபடி ஒருவர் உள்ளே வந்துவிட்டார்... கேட்காமல் கொள்ளாமல்.

"நாளைக்கு வந்தா என் வேலை போயிடும் மேடம்." உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதில் ஒரு மூக்குக் கண்ணாடி, இரண்டு துண்டாக. "பஸ்ல ஏறும்போது ஒரு அம்மா குடையால இடிச்சுட்டாங்க. குடைக்கு ஒண்ணும் ஆகல."

சிரிக்கக் கூடாது என்று நினைத்தாள்... சிரிப்பு வந்துவிட்டது.

"சாயங்கால நேரத்துல அப்படி என்ன சார் வேலை?"

"பேப்பர் பார்த்துப் படிக்கிற வேலை."

"இந்த வயசுல பரீட்சையா?"

"தினமும் பரீட்சைதான். பாஸ் பண்ணா யாருக்கும் தெரியாது. ஃபெயிலானா ஊருக்கே தெரியும்."

அறுபதைத் தொடும் வயது. நரைத்த தலையிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. கண்கள் மட்டும்... மழை கழுவிய ஜன்னல் மாதிரி பளிச்சென்று இருந்தன. கண்களைப் பார்ப்பதுதான் அவளுக்குப் பிழைப்பு. ஆனாலும் இந்தக் கண்களைத் தேவைக்கு மேல் ஒரு நொடி பார்த்துவிட்டோம் என்று பட்டது. ஷட்டரைத் திரும்ப மேலே தள்ளினாள்.

நாற்காலியில் உட்காரவைத்து, சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாகச் செருகினாள். கையில் ஒரு அட்டையைக் கொடுத்தாள். எல்லாரும் தட்டுத் தடுமாறிப் படிக்கும் நாலு வரி.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். படித்தார்.

அவள் கை அந்தரத்தில் நின்றது.

பேசும்போது இல்லாத குரல் அது. படிக்கும்போது மட்டும் வருவது... அவசரமே இல்லாமல், ஒரு சொல்லைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பது போல. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

"இடது கண்ணுல நடு எழுத்து கொஞ்சம் மங்கலா இருக்கு," என்றார் அவர்.

"கண் ஆஸ்பத்திரியில ஒரு தடவை காட்டிடுங்க." வேறு யாரோ சொல்வது போல் அவளுக்கே கேட்டது. இருப்பில் கிடந்த ஒரு கண்ணாடியைத் தற்காலிகமாகக் கொடுத்து அனுப்பினாள். அவர் சாலையைக் கடந்து மழையில் மறைந்த பிறகும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

பல வருஷங்களுக்கு முன்பு. அப்போது மகள் ஒன்றாம் வகுப்பு. கணவன் அக்கரை ஆலைக்குத் தினமும் படகில் போய் வருவான். அன்று மாலை அவள் அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ரேடியோ தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. பிறகு செய்தி. படகு கவிழ்ந்தது என்றது அந்தக் குரல். இறந்தவர்களின் பெயர்கள் என்றது... மூன்றாவதாக வந்தது அவன் பெயர். ஆலையிலிருந்து ஆள் வந்து சேர்வதற்குள் அந்தக் குரல் வந்துவிட்டது. சட்டை கருகும் வாசனை மூக்கில் ஏறும்வரை அவள் அசையவில்லை.

அன்றோடு அந்த வீட்டில் செய்தி கேட்பது நின்றது. அதனால்தான், பின்னாளில் அவர் தொலைக்காட்சிக்குப் போனதும், ஊரே அந்த முகத்தைத் தெரிந்துவைத்திருந்ததும் அவளுக்குத் தெரியாமலே போயிற்று.

அவர் மறுபடி வந்தார். ஸ்க்ரூ லூஸ் என்று ஒரு நாள்... "கண்ணாடிக்குத்தான், எனக்கில்ல" என்று அவரே சொல்லிக்கொண்டார். மூக்கில் அழுத்துகிறது என்று இன்னொரு நாள். உங்களைத் தெரியும் என்று சொல்லி வெளியே அனுப்பிவிட வேண்டும் என ஒவ்வொரு தடவையும் நினைப்பாள். அதற்குள் அவர் ஏதாவது பேச ஆரம்பித்துவிடுவார்.

வானொலியில் சேர்ந்த புதிதில் நேரம் மட்டும் சொல்லும் வேலையாம். பதற்றத்தில் காலை ஏழு மணிக்கு 'இரவு வணக்கம்' சொல்லிவிட, அதிகாரி வீட்டிலிருந்து லுங்கியோடு ஓடி வந்தாராம். நாடகங்களில் பேயாக அலறியதில் மூன்று நாள் தொண்டை கட்டியதாம். தொலைக்காட்சியில் மேஜைக்கு மேலே கோட்டும் டையும், கீழே வீட்டுச் செருப்புமாம். வயதான முகம் இனி வேண்டாம் என்று முடிவானதும் மறுபடி வானொலிக்கே அனுப்பிவிட்டார்கள்.

"உங்களுக்கு வருத்தமா இல்லையா?"

"ஒரு நாள் மேக்கப் போடறவரு வழக்கத்தைவிட ரொம்ப நேரம் பூசினாரு. அப்பவே புரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் வருத்தப்பட என்ன இருக்கு..."

"வீட்ல?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

"ஊருக்கெல்லாம் வணக்கம் சொன்னேன். பதில் வணக்கம் சொல்ல வீட்ல யாரும் இல்ல. ஷிஃப்ட் முடிஞ்சு நான் பொண்ணு பார்க்கப் போறதுக்குள்ள பொண்ணுக்குக் கல்யாணமே ஆகியிருக்கும்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

அன்று போனில் மகள் கேட்டாள், "என்னம்மா, குரலே புதுசா இருக்கு... இப்படிப் பேசி எவ்வளவு நாளாச்சு."

அவளுக்குச் சுருக்கென்றது. யாரோடு பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறோம்...

அடுத்த தடவை அவர் வந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். படகு, இஸ்திரிப் பெட்டி, மூன்றாவது பெயர்... மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "ஞாபகம் இருக்குன்னு பொய் சொல்லலாம். ஆனா... எனக்கு ஞாபகம் இல்லைங்க. அந்த மாதிரி நிறைய நாள் படிச்சிருக்கேன்."

"என் வாழ்க்கை தலைகீழாப் போன நாள் அது. உங்களுக்கு ஞாபகம்கூட இல்ல."

"இல்ல."

கண்ணாடியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அப்புறம் வரவில்லை. வராதது நல்லதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் கடைக் கதவு திறக்கும்போதெல்லாம் தலை தானாக நிமிர்ந்தது. போன் செய்து வரச் சொல்லலாம்... நம்பர் இருந்தது. வீம்பு விடவில்லை.

வெயில் காலம் முடியும் சமயம், ஒரு மத்தியான வேளையில், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார்.

"நேத்து செய்தியில ஒரு வரி விட்டுப்போச்சு. பேப்பர்ல நடுவுல சொல்லே இல்ல. இன்னைக்கு என் இடத்துல வேற ஆளை உக்கார வெச்சிருக்காங்க." சிரிக்கப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னீங்க. நான்தான் கேக்கல."

கட்டம் கட்டமாகக் கோடு போட்ட அட்டையைக் காட்டினாள். ஒரு கண்ணை மூடச் சொன்னாள். பிறகு மறு கண்ணை.

"நடுவுல என்ன தெரியுது?"

"ஓட்டை."

"இதுல?"

"இதுலயும்தான்."

கருவியை வைத்துக் கண்ணின் உள்ளே பார்த்தாள். சந்தேகத்துக்கு இடமில்லை. பெரிய டாக்டர் சொல்லட்டும் என்று தள்ளிவிடலாம்... வாய் வரை வந்தது.

"மூச்சைப் பிடிச்சு வெச்சிருக்கீங்க," என்றார் அவர். "கெட்ட செய்தி படிக்கறதுக்கு முன்னாடி நானும் அப்படித்தான். சொல்லிடுங்க."

முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். "விழித்திரையோட நடுப்பாகம் கெட்டுக்கிட்டே வருது. ரெண்டு கண்ணுலயும். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். மேல வளராம நிறுத்தப் பார்ப்பாங்க. போனது திரும்பாது."

"படிக்கறது?"

யாராவது சொல்லத்தானே வேண்டும்...

"இனிமே முடியாது."

சொல்லி முடித்ததும் அழுதது அவள்தான். ஒருவருக்குச் சொன்னதற்கே இப்படி. இந்த மனிதர் எத்தனை வீடுகளுக்குச் சொல்லியிருப்பார்... கேட்கிறவர் முகம்கூடத் தெரியாமல், ஒரு சின்ன அறையில் தனியாக உட்கார்ந்து.

அவர் அவள் அழுகை அடங்கும்வரை காத்திருந்தார்.

"அன்னைக்கு ஞாபகம் இல்லன்னு சொன்னது நிஜம். ஆனா ஒண்ணு சொல்லாமப் போயிட்டேன். இறந்தவங்க பேரு வந்தா, முன்னாடியே தனியா உக்காந்து ஒவ்வொண்ணா வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். தப்பா மட்டும் சொல்லிடக் கூடாதுன்னு. வேற என்னால என்ன செய்ய முடிஞ்சது..."



"என் வீட்டுக்காரரு பேரு யாருக்கும் சரியா வராது. ஆலையில தப்பாத்தான் கூப்பிடுவாங்க. எங்கப்பாகூடக் கடைசி வரைக்கும் தப்பாத்தான் சொன்னாரு." அவள் குரல் உடைந்தது. "நீங்க சரியாச் சொன்னீங்க. அதனாலதான்... அது வேற யாரோன்னு ஒரு நிமிஷம்கூட என்னால நினைச்சுக்க முடியல."

அவர் தலை குனிந்தார். பிறகு மெல்ல முகத்தை அந்தப் பக்கம், சுவரை நோக்கித் திருப்பிக்கொண்டார்.

மனசு நோகச் சொல்லிவிட்டோமோ என்று அவள் பதறினாள். "கோபமா? என்னைப் பாருங்க..."

"உங்களைப் பார்க்கத்தான் திரும்பறேன்."

அவளுக்குப் புரியவில்லை.

"நேரா பார்த்தா உங்க முகம் இருக்கற இடத்துல வெறும் கறைதான் தெரியுது. இப்படித் திரும்பினா ஓரத்துல நீங்க தெரியறீங்க." சுவரைப் பார்த்தபடியே, படிக்கும் குரலில் அல்ல, தயங்கித் தயங்கிச் சொன்னார். "இந்த வயசுல சொல்ல வெட்கமா இருக்கு. எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க. நீங்க பதில் சொல்லணும்னு இல்ல. இதுவும் மங்கறதுக்குள்ள சொல்லிடணும்னு தோணுச்சு."

வெளியே பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் எழுந்தாள். முக்காலியைத் தூக்கி, அவருடைய பார்வை எட்டும் அந்த ஓரத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்பத் தெரியறேனா?"

"தெரியறீங்க."

"அப்போ பார்த்துக்கிட்டே கேளுங்க," என்றாள் அவள். "எனக்கும்தான் பிடிச்சிருக்கு."