பன்னிரண்டு மூக்குள்ள கோயில்

கீழத்துறையில் யாரிடம் வழி கேட்டாலும் "வெள்ளைக் கோயிலைத் தாண்டிப் போங்க" என்பார்கள், இல்லையென்றால் "வெள்ளைக் கோயிலுக்கு முன்னாலயே திரும்புங்க" என்பார்கள். வெட்டாற்றின் கரையில், மூன்று பக்கமும் வயல் சூழ நிற்கும் லுத்தரன் தேவாலயம் அது. வயது இருநூற்றைம்பதுக்கு மேல். தரங்கம்பாடியில் கப்பலை விட்டு இறங்கி வந்த ஒரு ஜெர்மன் குருவும், ஆற்றங்கரைக் கொத்தனார்கள் நாற்பது பேரும் சேர்ந்து கட்டியது.

குருவிடம் ஒரு படம் இருந்ததாம். ரோஜாப்பூ, அதன் நடுவே இதயம், இதயத்தின் நடுவே சிலுவை. லுத்தரன் சபையின் அடையாளம் அது. "இதை வாசலுக்கு மேலே செய்து வையுங்கள்" என்றார் குரு. பெரிய கொத்தனார் தலையை ஆட்டினார். அவர் ரோஜாவைப் பார்த்ததே இல்லை. அதனால் என்ன, தாமரையைத் தினமும் பார்க்கிறாரே! இன்றைக்கும் கோயில் வாசலுக்கு மேலே அழகான தாமரை ஒன்று விரிந்திருக்கிறது. குரு அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அப்படியே இருக்கட்டும் என்று சொன்னதாக ஊரில் பேச்சு.

தமிழ்நிலாவுக்கு இந்தக் கதை மனப்பாடம். ஆறாம் வகுப்புப் படிக்கும் அவளுக்கு அந்தக் கோயில் இன்னொரு வீடு. ஏனென்றால் கோயில் சாவி அவள் அப்பா துரைராசுவின் இடுப்பில்தான் இருக்கும். கதவு திறப்பது, மணி அடிப்பது, கூட்டுவது, விளக்குத் துடைப்பது எல்லாம் அவர் வேலை.

நிலா வாயாடி. ஆனால் கோயிலுக்குள் கால் வைத்ததும் அவள் வாய் தானாக மூடிக்கொள்ளும். யாரும் அதட்ட வேண்டாம். வளைந்து வளைந்து மேலே போகும் கூரையைப் பார்த்தால் கழுத்து வலிக்கும், கண் மட்டும் கீழே இறங்காது. சிலுவை மாதிரி நாலு கைகளாக விரிந்த கட்டடம். எந்தக் கையில் உட்கார்ந்தாலும் நடுவில் நிற்கும் பிரசங்க மேடை தெரியும். சுவர் அத்தனை தடிமன். ஜன்னல் திட்டில் நிலா கால் நீட்டிக் குறுக்கே படுத்தாலும் பாதம் வெளியே வராது. இதையெல்லாம் மனிதர்கள் கையால் கட்டினார்கள் என்று நினைக்கும்போது அவளுக்கு மேல் சிலிர்க்கும்.

அந்தக் கோயிலுக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

சென்ற மழைக்காலத்தில் சுவரெல்லாம் வியர்த்தது. தை மாதம் பிறந்தும் காயவில்லை. முட்டை ஓடுபோல வழவழப்பாக இருந்த பூச்சு பொருபொருவென்று உதிர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரிய பத்தை ஒன்று பெயர்ந்து, பாடகர் குழுவின் ஆர்மோனியத்தின் மேலேயே விழுந்தது. நல்லவேளை, வாசிப்பவர் அப்போது தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்.

தஞ்சாவூரிலிருந்து பொறியாளர் ஜெயபாரதி வந்தார். கூரைமேல் ஏறினார். சுவரைத் தட்டினார். கையளவு கருவி ஒன்றைச் சுவரில் வைத்து வைத்து எழுதிக்கொண்டார். சபைச் செயலாளர் ரெத்தினம், நோட்டும் பேனாவுமாக அவர் பின்னாலேயே நடந்தார். நிலாவும் அப்பாவும் வாசலில் நின்றார்கள்.

"கூரை ஒழுகலைங்க" என்றார் ஜெயபாரதி. "ஈரம் கீழேருந்து ஏறுது. ஏன்னுதான் தெரியல. இத்தனை வருஷம் நல்லா இருந்த கட்டடம், ஒரே வருஷத்துல இப்படி ஆகுறதுன்னா அஸ்திவாரத்துல ஏதோ கோளாறு. காரணம் தெரியுற வரைக்கும் உள்ள ஆளுங்க வேண்டாம். பூட்டிடுங்க."

"அப்ப ஈஸ்டர் ஆராதனை, மேடம்?"

"பந்தல் போட்டு வெளியில வச்சுக்குங்க. காரணம் தெரியாம நான் கையெழுத்துப் போட முடியாது."

ரெத்தினம் பெருமூச்சு விட்டார். "இடிச்சுட்டு கான்கிரீட்ல கட்டிடலாம்னு நாலு பேர் ஏற்கெனவே சொல்றாங்க. இனிமே அவங்க வாயை யார் அடைக்கிறது!"

இடிப்பதா? நிலா அப்பாவைப் பார்த்தாள். அவர் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் நிலாவும் அவள் தோழி கமருன்னிஸாவும் கோயிலைச் சுற்றி வந்தார்கள். பூட்டிய கோயிலைச் சுற்றும்போது நிலாவுக்கு அழுகையாக வந்தது.

"முன்னாடியெல்லாம் இங்கதானே உக்காருவோம்" என்றாள் கமருன்னிஸா, சுவரின் அடிப்பாகத்தைக் காட்டி. "கோயில் மூக்குக்கிட்ட."

கோயில் மூக்கு என்பது தெருப்பிள்ளைகள் வைத்த பெயர். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், சுவரைச் சுற்றிப் பன்னிரண்டு ஓட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு தலையணை அளவு. சித்திரை வெயிலில் ஓடி விளையாடிவிட்டு அதன் எதிரே உட்கார்ந்தால், உள்ளேயிருந்து சில்லென்று காற்று வரும். கமருன்னிஸாவின் முக்காட்டைக்கூட அது தூக்கிவிடும்.

இப்போது அங்கே ஓட்டை இல்லை. சாம்பல் நிறத்தில் சிமெண்டுப் பூச்சு இருந்தது.

"ஒரு வருஷமா இப்படித்தான் இருக்கு. யாருடி அடைச்சது?" என்றாள் கமருன்னிஸா.

நிலா அந்தச் சிமெண்டைத் தொட்டுப் பார்த்தாள். யார் அடைத்தது என்று அவளுக்குத் தெரியும். ஏன் என்றும் தெரியும்.

போன வருஷம் அறுப்பின் பண்டிகை. சம்பா அறுத்த கையோடு ஆளுக்கொரு நெற்கட்டு கொண்டுவந்து கோயில் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். நெல்லைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிச் சாரைப்பாம்பு வந்தது. நெற்கட்டை எடுக்கப் போன நிலாவின் கால்மேல் ஏறி, ஓட்டைக்குள் வழுக்கிக்கொண்டு போனது. நிலா போட்ட கூச்சலில் உள்ளே பாடகர் குழு பாட்டை நிறுத்திவிட்டது. மூன்று நாள் காய்ச்சல் அவளுக்கு. நாலாம் நாள் அப்பா சிமெண்டு குழைத்து, பன்னிரண்டு ஓட்டைகளையும் ஒரே மூச்சில் அடைத்தார். "இனிமே என் புள்ளைகிட்ட எந்தப் பாம்பும் வராது" என்று சொல்லிக் கை கழுவினார்.

நிலா சுவரை உற்றுப் பார்த்தாள். முதல் சிமெண்டுப் பூச்சுக்கு மேலே, தீக்கொழுந்துபோல ஈரக்கறை ஏறியிருந்தது. இரண்டாவதுக்கு மேலேயும். ஓடிப்போய் மூன்றாவதைப் பார்த்தாள். அப்புறம் நாலாவது. பன்னிரண்டுக்கு மேலும் பன்னிரண்டு கறைகள். நடுவில் இருந்த சுவரில் ஈரம் குறைவு.

"நிசா" என்றாள் மெதுவாக. "கோயிலுக்கு மூச்சு முட்டுது."

அன்று சாயங்காலமே செயலாளர் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். கால் துறுதுறுத்தது. ஆனால் சொன்னால் என்ன ஆகும்? 'யார் அடைத்தது?' என்பதுதான் முதல் கேள்வியாக வரும். ஊர் முழுக்க அப்பாவைப் பார்க்கும். நிலா நேராக வீட்டுக்குப் போனாள். அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

பார்த்ததைச் சொன்னாள். கறைகளின் கணக்கையும் சொன்னாள். துரைராசுவின் முகம் வெளிறிப்போனது.

"நான்... என் கையாலயா?" என்றார். "இருபது வருஷமா தூசு படாம பாத்துக்கிட்டேனே, நிலா!"

"நீங்க எனக்காகத்தானேப்பா அடைச்சீங்க. நான் கத்தினதாலதானே. அப்ப அதுல பாதி என்னுது." அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "சரியா தப்பான்னு இன்னும் தெரியாதே. விடிஞ்சதும் ஒரே ஒரு ஓட்டையைத் திறந்து பாப்போம். வாங்கப்பா, நானும் வரேன்."

"உனக்குப் பாம்புன்னா..."

"பயம்தான். நீங்க பக்கத்துல நிக்கணும்."

காலையில் வயலில் பனி விலகுவதற்குள் அப்பா உளியும் சுத்தியலும் எடுத்துவந்துவிட்டார். நிலா அவரை ஒட்டி நின்று டார்ச்சைப் பிடித்தாள். டக், டக், டக். சிமெண்டு விரிசல் விட்டது. ஒரு துண்டு உள்ளே விழுந்தது. விழுந்த சத்தம் உடனே கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, ஆழத்திலிருந்து 'டொம்' என்று வந்தது. அப்புறம் தூரத்தில் இன்னொரு 'டொம்'. அதற்கும் அப்பால் இன்னொன்று.

அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

துரைராசு மிச்சத்தையும் உடைத்தார். ஓட்டையிலிருந்து ஈரமும் மண்வாசனையுமாக நீளமாக ஒரு காற்று வெளியே வந்தது. ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்த மூச்சு அது. நிலாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பல்லைக் கடித்துக்கொண்டு தரையில் படுத்தாள். டார்ச்சை உள்ளே நீட்டினாள். அவ்வளவுதான், பாம்பு என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அவளுக்கு மறந்துபோனது.

கோயிலுக்கு அடியில் இன்னொரு கோயில் இருந்தது.

செங்கல் வளைவுகள். ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை வரிசையாக, வெளிச்சம் போகிற மட்டும் வளைவுகள். ஒவ்வொரு வளைவும் இரண்டு கால் ஊன்றி, மேலே இருக்கும் தரையைத் தோளில் தாங்கி நின்றது. செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே சுண்ணாம்பு, நூல் பிடித்ததுபோல ஒரே சீராக. யாருமே பார்க்கப்போகாத இடத்தில் இத்தனை அழகாகக் கட்டியிருக்கிறார்களே! அவர்கள் யார், என்ன பெயர், ஒன்றும் தெரியாது. தாமரை செய்த அந்தக் கைகள்தான் இதையும் செய்திருக்கும்.

"என்ன தெரியுது?" என்றார் அப்பா.

"நீங்களே பாருங்கப்பா."

துரைராசுவும் படுத்துப் பார்த்தார். நெடுநேரம் எழுந்திருக்கவே இல்லை. எழுந்ததும் தலைத்துண்டை எடுத்து மரியாதையாக இடுப்பில் கட்டிக்கொண்டார்.

செயலாளர் போன் செய்ததும், பத்து மணிக்கெல்லாம் ஜெயபாரதி வந்துவிட்டார். புடவையில் மண் ஒட்டுவதைப் பற்றிக் கவலைப்படாமல் அவரும் படுத்தார். "அம்மாடியோவ்!" என்று அவர் கத்தியது உள்ளே ஐந்தாறு தரம் எதிரொலித்தது.

"ஆத்தோரத்து மண்ணுங்க இது" என்றார் எழுந்து, செயலாளரிடம். "கொஞ்சம் ஆழமாத் தோண்டினாலே ஊத்து. அதனாலதான் கோயிலைத் தரையில வைக்காம வளைவு மேல தூக்கி வச்சிருக்காங்க. இந்தப் பக்கம் புகுந்த காத்து அந்தப் பக்கமா போகும்போது ஈரத்தையும் கூட்டிட்டுப் போயிடும். வழியை அடைச்சதும் ஈரம் சுவர்ல ஏறிடுச்சு. அஸ்திவாரம் கல்லு மாதிரி இருக்கு!"

"அப்ப இடிக்க வேண்டாமா?"

"இடிக்கிறதா? இந்த மாதிரி ஒண்ணைக் கட்ட என்னால முடியாதுங்க. பன்னிரண்டையும் திறங்க. உதிர்ந்த இடத்துல சுண்ணாம்பு மட்டும் பூசுங்க, சிமெண்டு கூடவே கூடாது. பங்குனி வெயில்ல சுவர் காஞ்சுடும். அப்புறம் வந்து பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன்."

ரெத்தினத்தின் முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியும் போனது. "ஆமா, இதை யாரு அடைச்சது?"

துரைராசு ஓரடி முன்னால் வந்தார். "நான்தாங்க."

"நான் பாம்பைப் பாத்துக் கத்தினேன், அதனாலதான் அப்பா அடைச்சாங்க" என்றாள் நிலா, மூச்சுவிடாமல்.

செயலாளர் வாயைத் திறந்தார். அப்படியே மூடிக்கொண்டார். காதைச் சொறிந்தார். "சிமெண்டு மூட்டை... நான்தானே எங்க வீட்டுலேருந்து கொடுத்தேன், துரைராசு? 'நல்லா அழுத்திப் பூசுய்யா'ன்னு வேற சொன்னேன்."

ஜெயபாரதியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்புறம் எல்லோருமே சிரித்தார்கள்.

"ஆனா பாம்புக்கு என்ன வழி, பாப்பா?" என்று கேட்டார் ஜெயபாரதி.

நிலா இரவெல்லாம் அதைத்தான் யோசித்திருந்தாள். "எங்க கோழிக்கூண்டுல கம்பி வலை அடிச்சிருக்கோம், மேடம். காத்து போகும், பாம்பு போகாது. இங்கயும் அடிச்சா?"

"ஏற்கெனவே உள்ள இருக்கிற பாம்பு?"

நிலா யோசித்தாள். "பன்னிரண்டாவதை மட்டும் பத்து நாள் கழிச்சு அடிக்கலாம். அதுவும் பாவம், வெளிய போகணும்ல?"

அப்படியே செய்தார்கள்.

பங்குனி வெயில் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. சுவர் காய்ந்தது. சுண்ணாம்பு பூசி முடித்ததும் கோயில் வெளேரென்று ஆனது. ஜெயபாரதி தன் கருவியோடு வந்து, ஒவ்வொரு சுவராக வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஈஸ்டர் அன்று, கிழக்கு வெளுக்கும்போதே கோயில் நிறைந்துவிட்டது. ஞானப்பாட்டு தொடங்கியது. நிலா அம்மாவின் பக்கத்திலிருந்து நழுவி வெளியே வந்தாள். காற்று சரியாக வருகிறதா என்று பார்க்காவிட்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. முதல் ஓட்டையின் எதிரே குனிந்தாள். குனிந்தவள் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நிலா! பாட்டு நடக்கும்போது வெளிய என்ன பண்ற?" அப்பா தேடிக்கொண்டு வந்தார். புத்தம் புதிய வெள்ளை வேட்டி கட்டியிருந்தார்.

"உஷ்! இங்க காதை வச்சுக் கேளுங்கப்பா."

துரைராசு வேட்டியைப் பார்த்தார். மண்ணைப் பார்த்தார். பிறகு மகளுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டுக் கம்பி வலையில் காதை வைத்தார்.

மேலே முன்னூறு பேர் பாடிய பாட்டு கீழே இறங்கி, ஒவ்வொரு வளைவாகத் தொட்டு, பெரிதாகி, ஆழமாகி, பூமியே பாடுவதுபோல வெளியே வந்துகொண்டிருந்தது.

பாட்டு முடியும்வரை இருவரும் அசையவில்லை. முடிந்த பிறகும் அது உள்ளே கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"இருபது வருஷம்" என்றார் அப்பா. "இருபது வருஷமா இதோட சாவி என்கிட்ட இருக்கு, நிலா. இது பாடும்னு எனக்குத் தெரியவே தெரியாது."

உள்ளே அடுத்த பாட்டுக்கு ஆர்மோனியம் ஒலித்தது. துரைராசு எழுந்திருக்கவில்லை. மகளுக்கு இடம் விட்டு, இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.